விலை சொல்லியாயிற்று, இனி என்ன செய்வது?

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். "வீட்டை வாங்கிப்பார்" என்று அவர்கள் சொல்லவில்லை. காரணம் அறிதல் எளிது. அந்நாளில் யாழ்ப்பாணத்து வீடு பெரும்பாலும் சீதனமாகவோ முதுசொமாகவோ கைக்கு வந்து சேரும். விலைக்கு வாங்க நேர்ந்தாலும் விற்பவர் உறவினராக அல்லது அயலவராக இருப்பார். வேலியோரம் நின்று பேச்சு முடியும். நொத்தாரிசு வீட்டுத் திண்ணையில் உறுதி முடியும். இன்றோ விற்பவர் ரொறன்ரோவில் இருக்கிறார்; வாங்குபவர் கொழும்பில் இருக்கிறார்; வீடு கொக்குவிலில் பூட்டிக் கிடக்கிறது. இம்மூன்றையும் இணைப்பதற்குத் தரகர் என்னும் நான்காமவர் ஒருவர் வேண்டியவராகின்றார்.

அத்தரகரிடம் விலை சொல்லிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கும் நாட்களைப் பற்றியே இவ்வாரம் பேச எண்ணினோம். அதற்குக் காரணம் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு தாயார் எமக்கு எழுதிய கடிதம். அவருடைய கணவர் அரசாங்க சேவையிலிருந்து இளைப்பாறியவர். கிடைத்த பணிக்கொடையும் இருபது ஆண்டுச் சேமிப்பும் வங்கியில் இருக்கின்றன. மகளுக்கு ஆவணியில் திருமணம். அதற்கு முன் ஊரில் ஒரு வீட்டை வாங்கி அவள் பெயரில் எழுதிவிட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இரண்டு பரப்புக் காணியும் கிணறும் மூன்று அறைகளும் கொண்ட வீடொன்றைப் பார்த்து, தரகரிடம் தங்கள் விலையையும் சொல்லிவிட்டனர். "இரண்டு நாளிலே முடிவு சொல்லுறன் அம்மா" என்றாராம் தரகர். பன்னிரண்டு நாட்கள் சென்றுவிட்டன. "நாமாக அழைத்துக் கேட்டால் நமது அவசரம் வெளிப்பட்டுவிடும், விலையை ஏற்றுவார்கள்" என்கிறார் கணவர். "கேளாதிருந்தால் வீடு கைநழுவிப் போகும்" என்கிறார் மனைவி. "எங்களில் யார் சொல்வது சரி?" என்று முடிகிறது கடிதம்.

கேட்க வேண்டும் என்பதே எமது கருத்து. ஆனால், எதனைக் கேட்பது, எவ்வாறு கேட்பது, கேட்டுவிட்டு என்ன செய்வது என்பவற்றை அறிந்து கேட்க வேண்டும். கணவருடைய அச்சமும் பொருளற்றதன்று. அதற்கும் மருந்து உண்டு.

சொன்ன விலை யாரைக் கட்டும்?

முதலில் ஓர் உண்மையை மனத்திற் பதித்துக்கொள்ளல் நன்று. தரகரிடம் வாயால் சொன்ன விலை சட்டத்தின் முன் எவரையும் கட்டுவதில்லை. இந்நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. காணி, வீடு முதலிய அசையா ஆதனங்களை விற்பதும் கைமாற்றுவதும் ஈடு வைப்பதும் மட்டுமன்றி, அவற்றைப் பின்னொரு நாளில் விற்பதாகக் கொடுக்கும் வாக்குங்கூட எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு ஒருவரின் முன்னும் சாட்சிகள் இருவர் முன்னும் கைச்சாத்திடப்படல் வேண்டும். இன்றேல் அவ்வாக்கு வலுவற்றது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளை எட்டும் இவ்விதியின் நோக்கம், பொய்ச்சாட்சி கொண்டு பிறர் காணியைக் கவர்வாரைத் தடுப்பதாகும்.

"தரகர் கைத்தொலைபேசியில் 'சரி' என்று செய்தி அனுப்பியிருக்கிறாரே" என்று சிலர் கேட்பர். மின்வழி எழுத்துக்கும் ஆவணத்துக்கும் மதிப்பளிக்கும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், அசையா ஆதனத்தை விற்கும் ஒப்பந்தங்களைத் தன் எல்லைக்குப் புறத்தே நிறுத்திவிட்டது. ஆதலின் வாட்ஸ்அப்பில் வந்த "சரி"யும் வேலியோரத்தில் சொன்ன "சரி"யும் ஒரே தரத்தனவே.

இதனால் விளைவன இரண்டு. விற்பவர் நாளையே வேறொருவருக்கு விற்றாலும் "வாக்குத் தவறினார்" என்று மனம் நோகலாமேயன்றி வழக்காட இயலாது. அவ்வாறே, வீட்டைப் பற்றி வேண்டாத செய்தியொன்று தெரியவந்தால் நீங்களும் அச்சமின்றி விலகிக்கொள்ளலாம். காத்திருக்கும் நாட்களில் உங்கள் கையும் கட்டப்பட்டிருக்கவில்லை. இதனை உணர்ந்தவர் தொலைபேசியில் பேசும்போது குரலிலே நடுக்கம் இராது.

தரகர் யாருடைய ஆள்?

அடுத்து அறிய வேண்டியது, தரகர் யாரிடம் கூலி பெறுகிறார் என்பது. விற்பவரிடம் மட்டும் பெறுபவராயின் அவர் விற்பவரின் ஆள். கூடிய விலை பெற்றுக்கொடுப்பதே அவர் கடமை. இருபுறமும் பெறும் வழக்கமும் நம் ஊர்களில் உண்டு. இதனை முதல்நாளே கேட்டுத் தெளிதல் வேண்டும். நூற்றுக்கு எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது என்று கேட்பதில் இழுக்கொன்றுமில்லை. உறுதி முடிந்த பின்னரே தருவது என்று பேசி வைத்தல் நன்று.

இலண்டனில் மக்களை வைத்திருக்கும் வாசகர்கள் அந்நாட்டு முறையைக் கேள்வியுற்றிருப்பர். அங்கே 1979இல் வீட்டுத் தரகர்களுக்கென ஒரு சட்டம் இயற்றினர். அதன்கீழ் 1991இல் பிறந்த ஆணை, வாங்க விரும்புவோர் கூறும் விலையைத் தரகர் விற்பவருக்குக் காலந்தாழ்த்தாது எழுத்தில் அறிவித்தல் வேண்டும் என்று விதித்தது. அத்தகைய ஊரிலும் ஒப்பந்தப் பத்திரங்கள் கைமாறும்வரை இரு தரப்பாரும் விலகலாம். கூடிய விலை தருவார் வந்தால், ஏற்ற விலையை விற்பவர் கைவிடுவதும் அங்கே கேள்விப்படாத செய்தியன்று. நம் நாட்டில் விலையை எழுத்தில் அறிவிக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆகவே உங்கள் விலை விற்பவர் காதுக்கு எட்டியதா என்பதையே நீங்கள் முதலில் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

மௌனத்தின் காரணங்கள்

தரகர் பேசாதிருந்தால், "ஏமாற்றுகிறார்" என்று உடனே முடிவு கட்டுதல் முறையன்று. மௌனத்துக்குக் காரணங்கள் பல.

வீடு ஒருவருடையதாய் இராமல் சகோதரர் நால்வருடையதாய் இருக்கலாம். ஒருவர் சிட்னியிலும் மற்றொருவர் பாரிசிலும் இருக்க, நால்வரும் ஒருமனப்பட நாட் செல்லும். விற்பவர் வெளிநாட்டில் இருப்பின், இங்குள்ள ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்; அது இன்னும் வந்து சேராதிருக்கலாம். உறுதி வங்கியில் ஈடாகக் கிடக்கலாம். வேறொருவர் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்க, அவர் வருகைக்காகக் காத்திருக்கலாம். உங்கள் விலை குறைவென்று கருதி, தரகர் அதனை விற்பவரிடம் சொல்லாமலே விட்டிருக்கவுங் கூடும்.

ஒவ்வொன்றுக்கும் நாம் செய்ய வேண்டியது வெவ்வேறு. சகோதரர் உடன்பாட்டுக்குப் பொறுமை வேண்டும். ஈட்டுக்குக் கணக்குப் பார்த்தல் வேண்டும். சொல்லப்படாத விலைக்கு ஒரு கடிதம் வேண்டும். எனவே "என்ன முடிவு?" என்று மட்டும் கேட்பதனாற் பயனில்லை, "இன்னும் இரண்டு நாள்" என்ற மறுமொழியே வரும். "நாங்கள் சொன்ன விலை உரியவரிடம் சென்றதா? என்று சென்றது? அவர் என்ன சொன்னார்? முடிவு சொல்ல வேண்டியவர் எத்தனை பேர்? எந்த நாளில் அறியலாம்?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இக்கேள்விகளில் அவசரம் தெரியாது, நிதானமே தெரியும். கணவருடைய அச்சத்துக்கு மருந்து இதுவே.

விலை சொன்ன மூன்றாம் நாள் ஒருமுறை அழைத்தல் போதும். மறுமொழி இல்லையேல் ஒரு வாரத்தின் பின் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் "அடுத்து எந்த நாளில் பேசலாம்?" என்று கேட்டு, அந்த நாளையே கொப்பியொன்றிற் குறித்து வையுங்கள். காலையும் மாலையும் அழைப்பவரைத் தரகர் இரு வகையாகக் கருதுவார்: ஒன்று, விலையேற்றத்துக்கு இசையக்கூடியவர், மற்றொன்று, தொல்லை தருபவர். இரண்டும் நமக்கு ஆகா. வீட்டில் ஒருவர் மட்டுமே தரகருடன் பேசுவதும் நன்று. தந்தை ஒரு விலையும் தாய் ஒரு விலையும் மாமனார் ஒரு விலையும் சொன்னால், தரகர் அவற்றுட் கூடியதையே நினைவில் வைப்பார்.

எழுத்தில் ஒரு கடிதம்

வாய்மொழியோடு நில்லாது ஒரு சிறு கடிதமும் கொடுத்துவிடுவது பயன் தரும். அக்கடிதம் சட்டப்படி கட்டுவதன்று. ஆயினும் உங்கள் விலை திரிபின்றி உரியவரிடம் செல்ல அது வழிசெய்யும். அதன் வாசகம் பின்வருமாறு அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, இம்மாதம் 4ஆம் திகதி தாங்கள் காட்டிய கொக்குவில் வீட்டுக்கு ரூபா 2 கோடி தர ஆயத்தமாயிருக்கிறோம். கிணற்று நீர்ப்பம்பியும் சுவர் அலுமாரிகளும் இவ்விலையில் அடங்கும். பணம் எம் கைவசம் உள்ளது. வங்கிக் கடன் தேவையில்லை. உறுதிகளைச் சட்டத்தரணி பார்வையிட்டு உடன்பட்ட நாளிலிருந்து ஆறு வாரத்துள் உறுதி முடிக்க இயலும். இவ்விலை இம்மாதம் 30ஆம் திகதிவரை நிற்கும். இக்கடிதத்தை வீட்டுக்குரியவருக்கு அனுப்பி அவர் கருத்தை அறியத் தருமாறு வேண்டுகிறோம்."

இக்கடிதத்தின் வலிமை விலையில் மட்டும் இல்லை. பணம் கைவசம் இருப்பதும், ஆறு வாரத்தில் முடிப்பதும், ஒரு முடிவுநாள் குறித்திருப்பதும் விற்பவருக்கு முக்கியமானவை. இன்னும் கடன் கிடைக்காத ஒருவர் தரும் கூடிய விலையைவிட, கைப்பணத்துடன் நிற்பவர் தரும் சற்றுக் குறைந்த விலையை விரும்புவார் உளர். அதே வேளையில், உண்மையல்லாத எதனையும் அதில் எழுதலாகாது. வங்கிக் கடன் வேண்டுமாயின் வேண்டும் என்றே எழுதுக. பின்னர் வெளிப்படின் நம்பிக்கை போய்விடும்.

"வேறொருவர் கூடத் தருகிறார்"

தரகர் அழைத்து, "வேறொரு ஆள் பத்து இலட்சம் கூடத் தரத் தயார்" என்று சொல்லும் நாளும் வரலாம். அது மெய்யாகவும் இருக்கலாம். நம் மனத்தை அளந்து பார்ப்பதாகவும் இருக்கலாம். தொலைபேசியில் நின்றபடியே விலையை ஏற்றாதீர்கள். "வீட்டிற் கலந்து பேசி நாளை மாலை சொல்கிறேன்" என்னும் ஒரே மறுமொழி போதும். அந்த ஆள் எழுத்தில் கொடுத்திருக்கிறாரா, அவர் பணம் ஆயத்தமா, எப்போது முடிப்பார் என்று கேட்பதிலும் குற்றமில்லை.

இதற்கு முன்னேற்பாடாக, விலை சொல்வதற்கு முன்னரே கணவனும் மனைவியும் அமர்ந்து மேலெல்லையை எழுதி வைத்தல் வேண்டும். எழுதும்போது வீட்டின் விலையை மட்டும் எண்ணலாகாது. முத்திரைத் தீர்வை, நொத்தாரிசுக் கட்டணம், நில அளவையாளர் கூலி, தரகர் கூலி, கூரையும் மலசலகூடமும் திருத்தும் செலவு என்பன எல்லாம் அந்தப் பணத்திலிருந்தே எழ வேண்டும். திருமணச் செலவுக்கென வைத்த பணத்தில் கை வைக்காமல் எதுவரை போகலாம் என்பதே மேலெல்லை. அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று இருவரும் உடன்பட்டுவிட்டால், தரகர் சொல்வது மெய்யோ பொய்யோ என்று ஆராய்ந்து உறக்கம் கெட வேண்டியதில்லை. எல்லைக்குள் இருந்தால் விரும்பினால் ஏற்றலாம். எல்லை கடந்தால் வாழ்த்திவிட்டு வேறு வீடு பார்க்கலாம்.

காத்திருக்கும் நாட்களில்

மறுமொழிக்குக் காத்திருப்பது வாளா இருப்பதன்று. வீட்டைப் பார்த்து விலை சொன்னதோடு பாதி வேலைதான் முடிந்தது. மற்றப் பாதி காணிப் பதிவுக் கந்தோரில் இருக்கிறது. உறுதியின் பிரதி ஒன்றைத் தரகரிடம் கேட்டு வாங்குங்கள். அதனைத் தரத் தயங்கும் இடத்தில் நீங்களும் தயங்குங்கள். "உறுதி சண்டையிலே தொலைந்துபோயிற்று" என்று சொல்லலாம். அது நம்பக்கூடாத செய்தியன்று. ஆனால் நொத்தாரிசு தாம் முடிக்கும் உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவாளருக்கு அனுப்புதல் விதி. ஆகவே உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடிப் பார்க்க வழியுண்டு.

பதிவேட்டுப் பிரதி எடுத்து முப்பது ஆண்டுக் காலத்தைப் பின்னோக்கிப் பார்ப்பது சட்டத்தரணிகள் வழக்கம். ஈடு, ஒற்றி, நன்கொடை, சீவிய உருத்து, வழக்கு என்பன எல்லாம் அதில் வெளிவரும். மகளுக்குச் சீதனமாக எழுதிய உறுதியில் பெற்றோர் சீவிய உருத்தைத் தம்மிடம் வைத்திருப்பது நம்மவரிடையே பெருவழக்கு. அந்த உருத்துடையார் உயிரோடிருப்பின் அவரும் கைச்சாத்திட வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

வடமாகாணத்துக் காணிகளில் வேறு சிலவும் கவனிக்கற்பாலன. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்பதாயின் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. கணவர் பிரிந்து சென்றிருப்பின் நீதிமன்றத்தின் அனுமதியை நாட வேண்டிவரும். அதற்கு நாட் செல்லும். பங்குக் காணியாயின், பிறருக்கு விற்குமுன் பங்காளருக்கும் சட்டம் குறிக்கும் உரித்தாளருக்கும் அறிவித்தல் வேண்டும். அவர்களுக்கு முதலில் வாங்கும் உரிமையை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரையறுத்துள்ளது. அறிவியாது விற்ற காணியை, பின்னர் பங்காளர் வழக்கிட்டுப் பெறும் ஆபத்து வாங்கினவர் தலையிலேயே விழும். தரகரின் மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றாகவே இருக்கும்.

வீட்டில் இருப்பவர் யார் என்பதையும் நேரில் சென்று பாருங்கள். "காவலுக்கு விட்டிருக்கிறோம்" என்று சொல்லப்படுபவர் தம்மை உரியவர் என்று கருதிப் பல்லாண்டாக இருப்பவராயும் இருக்கலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, உரியவருக்கு எதிராக இடையூறின்றிப் பத்தாண்டு ஆண்டவர் அக்காணிக்கு உரிமை கோரலாம். அயலவரிடம் ஒரு நாழிகை பேசினால் பதிவேடு சொல்லாத பலவும் தெரியவரும்.

கை நீட்டிக் கொடுக்குமுன்

விலை ஏற்கப்பட்டது என்ற செய்தி வந்ததும் மகிழ்ச்சி மேலிடும். அந்த நேரத்தில்தான், "வேறு ஆளுக்குப் போகாமல் இருக்க, சிறிது அச்சாரம் கொடுத்து வையுங்கள்" என்பார் தரகர். அச்சாரத்தைத் தரகர் கையிலே கொடுக்கவே கூடாது. கொடுப்பதாயின், நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை எழுதி, உரியவரிடமோ தத்துவம் பெற்றவரிடமோ கொடுத்து, உடன்படிக்கையிலேயே தொகையைக் குறிப்பிக்க வேண்டும். உறுதி முடிக்க ஒரு நாளும், விற்பவர் தவறினால் பணம் திரும்பும் வகையும் அதில் இருத்தல் வேண்டும். அந்த உடன்படிக்கையையும் பின்னர் உறுதியையும் தாமதமின்றிப் பதிவு செய்விப்பது அதனினும் முக்கியம். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, மோசடி இல்லாதவிடத்து, முந்தி எழுதிப் பதியாத உறுதியைப் பிந்தி எழுதி முந்திப் பதிந்த உறுதி வென்றுவிடும்.

தரகரிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியும் ஒரு சொல். அவர் காட்டிய வீட்டை, அவருக்குத் தெரியாமல் உரியவரிடம் நேரே பேசி முடித்துக் கூலியை மிச்சம்பிடிக்க நினைப்பவர் சிலர். அது அறமுமன்று, புத்திசாலித்தனமுமன்று. வழக்கும் வசையும் அதன் பின்னே வரும். உரியவரைச் சந்திக்க விரும்பினால் தரகரையே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். வெயிலில் மோட்டார் சைக்கிளில் அலைந்து பத்து வீடு காட்டி ஒன்றில் மட்டும் கூலி பெறுபவர் அவர். பேசிய கூலியை உறுதி முடிந்த அன்றே கொடுத்துவிடுவது நம் கடன்.

இறுதியாக, குறித்த முடிவுநாள் வந்தும் மறுமொழி வராவிடில் என்ன செய்வது? "எமது விலை இன்றோடு முடிகிறது, இனி வேறு வீடுகள் பார்க்கிறோம். உரியவர் மனம் மாறினால் அறியத் தருக" என்று அமைதியாகச் சொல்லிவிடுங்கள். சொன்னபடி வேறு வீடுகளைப் பார்க்கவுஞ் செய்யுங்கள். அதுவரை மகளிடம் "உன் அறை இது, உன் பூசையறை இது" என்று சொல்லி அவள் மனத்தில் அவ்வீட்டைக் கட்டிவிடாதிருப்பது பெற்றோர் செய்யும் பேருதவியாகும். ஆவணிக்குமுன் வீடு அமையாவிட்டால் மணமகன் வீட்டாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லலாம். பணம் வங்கியில் இருக்கிறது. நல்ல வீட்டுக்குச் சில திங்கள் பொறுத்திருப்பதைக் குறைவென்று நல்ல குடும்பத்தார் எண்ணமாட்டார். வில்லங்கமுள்ள வீட்டை அவசரத்தில் வாங்கி மகள் பெயரில் எழுதினால், சீதனத்தோடு ஒரு வழக்கையும் சேர்த்துக் கொடுத்தவர்களாவோம்.